பெயர் மறைத்த வெயில்

1

போன கிழமை ஒரு பின்னேரம் எங்கள் மாடிக் கட்டிடத்தில் கரண்ட் போய்விட்டது. ஒஸ்லோவின் ஓரத்து ஹவுகெட்டோவில் நான் குடியேறிய நாள் முதல் இப்படி நடந்ததாக நினைவில்லை. அடுப்பில் பருப்பு வைத்திருந்தேன். மின்னடுப்பின் சிவப்பு வளையம் மெல்ல மெல்லக் கறுத்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். கரண்ட் போவதற்கெல்லாம் பயப்படுகிற இடத்தில் நான் பிறக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரித் கதவைத் தட்டினாள். நோர்வேக்காரி, என்னைவிட இரண்டொரு வயது மூப்பு. கையில் ஒரு மெழுகுதிரி, முகத்தில் வீடு எரிந்தவளின் கலக்கம். அவளுக்குப் பின்னால் படிக்கட்டில் ஆட்கள் போன் வெளிச்சத்தோடு நின்றார்கள். வருடக் கணக்காக ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கியும் முகம் பார்க்காத சனம், அன்றைக்குத்தான் ஒருவரை ஒருவர் பெயர் விசாரித்துக்கொண்டார்கள்.

"உன் வீட்டிலும் இல்லையா?" என்று பெரித் கேட்டாள்.

"இல்லை" என்றேன். பிறகு, நொஸ்க் என்கிற நோர்வே மொழியில், எனக்குத் தெரிந்த உடைந்த நொஸ்க்கில், கொஞ்சம் நிமிர்ந்து நின்று சொன்னேன்: "இங்கே போய்விட்டது. எங்கள் தீவில் போகவில்லை."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்குச் சொல்ல எனக்கு நொஸ்க் காணாது. உங்களுக்குச் சொல்லத் தமிழ் இருக்கிறது. நாலாம் வகுப்புத் தமிழ்தான், என்றாலும் என்னுடையது. ஆறுதலாகத்தான் எழுதுவேன். நீங்களும் ஆறுதலாக வாசியுங்கள்.

2

எங்கள் தீவு யாழ்ப்பாணத்திலிருந்து படகில் போகவேண்டிய இடம். பெயரைச் சொன்னால், தங்களைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று அங்கிருந்து பத்துப் பேர் போன் எடுப்பார்கள். ஆகவே தீவு என்றே இருக்கட்டும். பெருநிலத்து மின்கம்பி கடலைத் தாண்டி எங்களிடம் வரவில்லை. இறங்குதுறைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகைக்குள் டீசல் எஞ்சின் இருந்தது. அது ஓடினால் கரண்ட், நின்றால் இருட்டு. அதற்கு வேண்டிய டீசலும் படகில்தான் வரவேண்டும். கடல் கொந்தளித்தால் டீசல் வராது. டீசல் வராவிட்டால் ஐஸ் இல்லை. ஐஸ் இல்லாவிட்டால் உயிரைக் கொடுத்துப் பிடித்த மீனைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும்.

கடற்றொழிலாளர் சங்கத்தின் ஐஸ் அறையைப் பார்ப்பவள் என் மச்சாள் செல்வராணி, என் கணவரின் தங்கை. ஐஸ் அறைச் சுவருக்கு மறுபக்கம்தான் எஞ்சின். அவள் எப்போது போன் எடுத்தாலும் பின்னால் அது இரையும். "மச்சாள், சுகமோ?" என்பதையே சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரித்தான் கேட்பாள். நானும் பதிலுக்குக் கத்துவேன். ஒருநாள் ஒஸ்லோவின் குறொன்லாண்டுக் கடைத்தெருவில் வெண்டிக்காயும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு ரயிலில் வரும்போது அவள் எடுத்துவிட்டாள். நாங்கள் குழம்புக்குப் புளி விடுவதைப் பற்றித்தான் கதைத்தோம். எதிரில் இருந்த நோர்வேக்காரன் எழும்பி வேறு பெட்டிக்குப் போய்விட்டான்.

என் கணவர் சிவஞானம் எண்பதுகளில் நோர்வேயின் வடக்கு முனையில் இருக்கும் பாட்ஸ்பியோர்ட்டுக்கு மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். பிறகு நானும் போய்ச் சேர்ந்தேன். அங்கே மாரிக் குளிர்காலத்தில் சூரியன் எட்டியும் பார்க்காது. ஆனால் தொழிற்சாலைக்குள் மீன் முள்ளில் ஒரு மயிர் ஒட்டியிருந்தாலும் தெரிகிற வெளிச்சம். வேலை முடிந்து பனிக்குள் நடந்து வரும்போது அவர் தெருவிளக்குகளைப் பார்த்துப் பார்த்துச் சொல்வார்:

"இஞ்சை பாரும். வெயிலே இல்லாத ஊரிலை இவ்வளவு வெளிச்சம். வெயில் கொட்டுற எங்கடை ஊரிலை விளக்கில்லை. இது என்ன ஞாயம்?"

இதை அவர் வீட்டிலும் சொல்வார், விருந்திலும் சொல்வார், சும்மா இருக்கும்போதும் சொல்வார். எங்கள் மகள் சுதாவுக்கு இது தாலாட்டு மாதிரி. "அப்பா, போதும்" என்று நொஸ்க்கில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவாள். அவர் போய் மூன்று வருடமாகிறது. கேள்வியை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

3

சுதா பாட்ஸ்பியோர்ட்டில் பிறந்தவள், ஒஸ்லோவில் படித்தவள். தமிழ் கதைப்பாள். ஒரு தமிழ் வசனத்துக்குள் நாலு நோர்வேச் சொல் நீந்தும். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இனிப் போகமாட்டேன் என்று பன்னிரண்டு வயதில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள். கோயிலுக்கு வருடத்தில் ஒரு நாள் வருவாள், அதுவும் சோறு போடுகிற நேரத்துக்கு. ஊர்ச் சங்கக் கூட்டத்துக்கு வா என்றால், "அங்கை எல்லாரும் என்ரை கலியாணத்தைப் பற்றித்தானே அம்மா கதைப்பினம்" என்பாள். அதைப் பொய் என்று நானும் சொல்லமுடியாது.

அப்படிப்பட்டவள் ஒருநாள் வந்து என் எதிரில் இருந்தாள். "அம்மா, அப்பா ஒரு கேள்வி கேக்கிறவர் எல்லோ? இப்ப அதுக்கு விடை இருக்கு."

அவள் வேலை செய்வது பெரிய பெரிய பற்றரிகளை நிறுவும் இடத்தில். இந்த நாட்டில் கப்பலே பற்றரியில் ஓடுகிறது. பகலில் வெயிலையும் காற்றையும் பிடித்து ஒரு பெட்டிக்குள் வைத்தால், பொழுதுபட்ட பிறகு அந்தப் பெட்டி தீவுக்குக் கரண்ட் கொடுக்கும், எஞ்சின் படுத்து நித்திரை கொள்ளலாம் என்றாள். பெட்டி என்றால் ஒரு லொறியில் ஏற்றுகிற பெட்டி. மேலிடத்தில் மன்றாடி ஒரு பெட்டியைப் பரீட்சைக்கு வாங்கிவிட்டாள். நிபந்தனை ஒன்றுதான். பங்குனி முடிவதற்குள் தீவு ஒரு முழு இரவை எஞ்சின் இல்லாமல் தாண்டிக் காட்டவேண்டும். தாண்டினால் பெட்டி தீவுக்குச் சொந்தம். தாண்டாவிட்டால் தூக்கிக்கொண்டு போய் வேறு நாட்டுத் தீவொன்றுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர்களும் வரிசையில் நிற்கிறார்கள்.

வெயில் பிடிக்கும் சோலார் தகடுகளை நோர்வேயில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கம் பொறுப்பெடுத்தது. குடும்பத்துக்கு ஒரு தகடு. ஒருவரும் மறுக்கவில்லை. எங்கள் சனம் முகம் சுளிக்கும், குறை சொல்லும், ஆனால் ஊருக்கென்றால் கை நீட்டும்.

பற்றரி ஊர் போய்ச் சேர்ந்த கதை தனிக் கதை. இங்கே ஒரு அரசாங்கக் கந்தோர், அங்கே ஒரு கந்தோர். ஒரு படிவம், இந்தப் பற்றரி எந்த வாகனத்துக்கு என்று கேட்டது. வாகனத்துக்கு இல்லை, தீவுக்கு என்று சுதா எழுதினாள். தீவுக்கென்று படிவத்தில் இடமில்லை என்று திரும்பி வந்தது. மறுபடி எழுதினாள், மறுபடி வந்தது. அவள் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தாள். நான் தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னேன்: "பிள்ளை, நான் பிறந்தனான் எண்டதையே இந்த நாட்டுக்குக் காட்ட எனக்கு ஒரு வருசம் எடுத்தது. நீ பற்றரிக்கு அழுறாய்." சிரித்துவிட்டாள். கடைசியில் யாரோ ஒரு நல்ல மனுசி 'இதர' என்ற இடத்தில் அதைப் போட்டு அனுப்பினாள்.

சுதா தீவுக்குப் போய், ஐஸ் அறையின் மொட்டை மாடியில் தகடுகளை வரிசையாகப் பூட்டுவித்து, கொட்டகைக்குப் பக்கத்தில் பெட்டியை இறக்குவித்து, கரையில் ஒரு சின்னக் காற்றாடியையும் நிறுத்திவிட்டு வந்தாள். லீவு முடிந்ததால் திறப்பு விழாவுக்கு நிற்கவில்லை. விழாவுக்கு மேளம் பிடித்தார்கள். படங்கள் வந்தன. எல்லாப் படத்திலும் மாலை போட்ட ஆட்கள் முன்னால் நிற்க, தகடுகள் பின்னால் எங்கோ மினுங்கின.

4

ஆனால் பெட்டி நிரம்பவில்லை.

சுதா ஒஸ்லோவில் இருந்தபடியே கணினியில் அதைப் பார்க்கலாம். பொழுதுபடும்போது அரைவாசிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். விடிவதற்கு முன்பே தீர்ந்துவிடும். பெட்டி தீர்ந்தால் எஞ்சின் தானாக இரைந்து எழும்பும். காற்றாடியைக் குறை சொல்லமுடியாது, பங்குனியில் காற்று விழுந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வெயில்? எங்கள் ஊர்ப் பங்குனி வெயிலைப் பற்றி யாருக்குச் சொல்லவேண்டும்? கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டாள். கணக்குச் சரி. தூசியோ என்று கழுவச் சொன்னாள். கழுவினார்கள். அப்படியே நின்றது.

"கணக்கு சரியாக இருக்கலாம், இடம் சரியில்லை போல" என்று அவளுடைய மேலதிகாரி சொன்னாராம். மரியாதையாகத்தான் சொன்னார். இவர்கள் வேலையை விட்டு நிறுத்தும்போதும் மரியாதையாகத்தான் சொல்வார்கள். சுதா சாப்பிடாமல் என் வீட்டுச் சோபாவில் சுருண்டு கிடந்தாள். மாதம் முடியப் பத்துப் பதினைந்து நாள்தான் இருந்தது.

அன்று சனிக்கிழமை. செல்வராணி வீடியோவில் வந்தாள். எனக்கு ஒரு ஆசை பல நாளாக மனதில் இருந்தது.

"ராணி! கொண்ணையின்ரை பேரைத் தகட்டிலை எழுதினவை எண்டாய். ஒருக்காக் காட்டன் பாப்பம்!"

"பொறுங்கோ மச்சாள்! மேலை ஏறுறன்!"

மாடிக்கு ஏறினாள். போனைத் திருப்பினாள். கறுத்த தகட்டின் நடுவில் முழு அகலத்துக்கும் வெள்ளை எழுத்து, சிவப்பில் நிழல் விழுத்தி: அமரர் சிவஞானம் குடும்பம், நோர்வே. தீவில் படகுகளுக்குப் பெயர் எழுதுகிறவரின் கை. கடல் தண்ணீருக்கே கரையாத பெயின்ற். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு வடிவு!

எனக்குப் பின்னால் தண்ணீர் குடிக்க வந்த சுதா, போனைப் பார்த்துவிட்டு ஒரு நோர்வேச் சொல் சொன்னாள். அந்தச் சொல்லை என் வீட்டுக்குள் நான் ஒருநாளும் விட்டதில்லை.

"மாமி! எல்லாத்திலையும் எழுதியிருக்கோ?"

"ஓம் பிள்ளை! ஒண்டையும் விடேல்லை! நீ வெளிக்கிட்ட அடுத்த நாளே எழுதினது! உங்கடை சங்கத் தலைவர் பாலா மாஸ்ரற்றை பேர் மட்டும் ரெண்டு தகட்டிலை ஓடுது, பட்டமெல்லாம் சேத்தபடியால்!"

சுதா நிலத்தில் இருந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. தகடுகளைக் கழுவிய பொடியன்கள் பெயர்களையும் நன்றாகத் துடைத்து மினுக்கியிருந்தார்கள். அங்கே மின்வேலை செய்த தம்பி, இது கூடாது என்று முதலே சொன்னவராம். "நோர்வே ஆக்கள் கோவிப்பினம்" என்று அவர் வாயை அடைத்துவிட்டார்கள்.

"மேலுக்கு ஒரு பேர்தானே பிள்ளை, மிச்ச இடத்திலை வெயில் படுந்தானே?" என்று நான் கேட்டேன்.

"அம்மா, நீங்களும் அப்பாவும் பாட்ஸ்பியோர்ட்டிலை ஓடுற பெல்ற்றிலை நிண்டு மீன் வெட்டினியள். நடுவிலை ஒராள் கையை நிப்பாட்டினால் என்ன நடக்கும்?"

"முழு வரிசையும் தேங்கும்."

"இதுவும் அதுதான். நிழல் விழுந்த துண்டு சும்மா நிக்காது, தன்ரை வரிசையையும் மறிச்சுக்கொண்டு நிக்கும்."

நாங்கள் அந்தக் காலத்தில் சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பெல்ற்றைப் பற்றிக் கதைத்ததெல்லாம் இவள் காதில் விழுந்திருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டும் கேட்டிருக்கிறாள்.

5

மறுநாளே ஊர்ச் சங்கத்தைக் கூட்டுவித்தேன். பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் கூடினோம். வெளியே பனி, உள்ளே பற்றிசுப் பலகாரமும் தேத்தண்ணியும். தலைவர் பாலா மாஸ்ரர் ஒலிவாங்கி இல்லாமலே ஒலிவாங்கி வைத்த மாதிரிப் பேசுகிறவர். சுதா முன்னால் வந்து தமிழும் நொஸ்க்குமாக விளங்கப்படுத்தினாள். பெயர்களை அழிக்கவேண்டும், இந்தக் கிழமைக்குள் அழிக்கவேண்டும் என்றாள்.

எல்லாரும் ஒன்றாகப் பேசினார்கள்.

"அரைவாசிப் பேர் செத்த ஆக்களின்ரை. அழிக்கிறது சரியோ? அபசகுனம்!"

"என்ரை அம்மாவின்ரை திவசத்துக்கெண்டு குடுத்தது பிள்ளை. பேர் இல்லாட்டி அது ஆற்றை தகடு?"

பாலா மாஸ்ரர் கையை உயர்த்தினார். "தங்கச்சி, நீர் படிச்சனீர். இன்னும் ரெண்டு பற்றரி கூட வையுமன். ஏன் பேரிலை கை வைக்கிறீர்?"

"நிரப்ப வெயில் வராட்டி பத்துப் பற்றரி வைச்சும்..." சுதாவுக்கு மிச்சத் தமிழ் வரவில்லை. நொஸ்க்கில் முடித்தாள்.

பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. "சொந்தப் பாசை வாயிலை வராது. எங்கடை பேரை அழிக்க வந்திட்டா."

சுதாவுக்கும் கேட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு வயதில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே முகம். இப்போது விட்டால் இவள் இந்த மண்டபத்துக்குத் திரும்ப வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. பெட்டியும் போகும், பிள்ளையும் போகும்.

நான் எழும்பினேன். கூட்டத்தில் நான் பேசுகிறவள் இல்லை. பற்றிசு சுடுகிறவள்.

"எங்கடை ஊர்க் கோயில் ரியூப் லைற்றை ஆருக்கும் ஞாபகம் இருக்கோ?" என்றேன். "உபயம் எண்டு தொடங்கி, குடுத்தவற்றை பேர், தேப்பன்ரை பேர், பேரன்ரை பேர், வளவின்ரை பேர் எண்டு எழுதி, வெளிச்சம் வாறதுக்கு இடம் விடேல்லை. லைற் போட்டும் ஐயர் கற்பூரத்திலைதானே சாமியைக் கண்டவர்!"

முதலில் சிரித்தது பாலா மாஸ்ரர். அந்த ரியூப் லைற் அவருடைய தகப்பன் கொடுத்தது. நான் தொடர்ந்து சொன்னேன்:

"பெயர் தெரியவேணும் எண்டுதான் குடுத்தனாங்கள், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. எனக்கும் ஆசைதான். நேற்றுத்தான் பாத்து அழுதனான். ஆனால் இருட்டுக்குள்ளை பேரை ஆர் வாசிக்கிறது? முதல் என்ரை மனுசன்ரை பேரை அழியுங்கோ."

அதற்குப் பிறகு அபசகுனம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானே விதவை, நானே சொல்லிவிட்டேன்.

"சரி அக்கா, ஒத்துக்கொள்ளுறன்" என்றார் பாலா மாஸ்ரர். "ஆனால் பேர் எங்கையாவது இருக்கத்தானே வேணும்? அதுக்கு என்ன வழி?"

சுதாதான் பதில் சொன்னாள். இந்த முறை ஒரு நோர்வேச் சொல்லும் கலக்கவில்லை. "எஞ்சினிலை எழுதுங்கோ. எஞ்சின் ஓடாட்டிச் சூடாகாது. பெயின்ற் நிக்கும்."

"ஓடினால்?"

"ஓடினால் எரிஞ்சு போகும். ஓடாமல் பாக்கிறது என்ரை பொறுப்பு."

மண்டபம் கை தட்டியது. நான் பற்றிசு எடுத்துக் கொடுக்கப் போய்விட்டேன். அங்கே நின்றால் அழுதுவிடுவேன்.

6

கத்தி போடக்கூடாது, கம்பி நார் தேய்க்கக்கூடாது என்று சுதா சொல்லியிருந்தாள். தீவு மருந்தகத்தில் ஸ்பிரிட் வாங்கித் துணியை நனைத்துப் போட்டு ஊறவைத்து, பிள்ளைகள் கோடு போடும் பிளாஸ்ரிக் அடிமட்டத்தால் சுரண்டினார்கள். ஐஸ் அறைப் பெண்கள் எல்லாரும் மாடியில் ஏறிவிட்டார்களாம். ஒரு தகட்டில் மட்டும் ஒருத்தரும் கை வைக்கவில்லை.

"மச்சாள், அண்ணையின்ரை பேரை என்ரை கையாலை எப்பிடி?" என்றாள் செல்வராணி. எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்தித்தான் இதையும் சொன்னாள்.

"கொண்ணை உயிரோடை இருந்திருந்தால் இதுக்குள்ளை தானே ஏறிச் சுரண்டியிருப்பார். வெயிலை மறிச்சுக்கொண்டு ஒருநாளும் நிக்கமாட்டார். சுரண்டு."

சுரண்டினாள். அந்தப் பெயின்ற் தூளை ஒரு துணியில் முடிந்து வைத்திருக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் பொழுதுபடும்போது பெட்டி நிரம்பிவிட்டது என்று சுதா சொன்னாள். அன்றைக்கு அவள் என் வீட்டில்தான் படுத்தாள். நான் சாமி விளக்கைக் கொளுத்திவிட்டு, வழக்கம்போல வேளைக்கே படுத்துவிட்டேன். விழித்திருந்து பெட்டிக்கு என்ன உதவி செய்யப்போகிறேன்?

காலையில் தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கும்போது போன் அடித்தது. அங்கே நன்றாக விடிந்து வெயில் ஏறியிருக்கும். நான் எழும்பும் நேரம் வரும்வரை செல்வராணி பொறுத்திருந்திருக்கிறாள்.

"ஓடேல்லை மச்சாள்! ஓடேல்லை! இரவு முழுக்க ஓடேல்லை! ஐஸ் கல்லு மாதிரி நிக்குது!"

சுதா போர்வையோடு ஓடி வந்தாள். எனக்குத்தான் முதலில் விளங்கியது.

"ராணி, நீ ஏன் கத்திறாய்? பின்னாலை எஞ்சின் இல்லையே."

அவள் நிறுத்தினாள். அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது போல. பிறகு நான் வாழ்நாளில் கேட்டிராத மெல்லிய குரலில் சொன்னாள்: "ஓமென்ன மச்சாள். அப்ப இதைக் கேளுங்கோ." போனை வெளியே பிடித்தாள். கடல். இத்தனை வருடம் அவளோடு கதைத்தும் அவளுக்குப் பக்கத்தில் கடல் இருப்பது எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை.

பெட்டி தீவுக்கே என்று மேலதிகாரி அறிவித்தார். அதையும் மரியாதையாகத்தான் அறிவித்தார். சித்திரையில் படகுக்குப் பெயர் எழுதுகிறவர் வந்து எஞ்சினில் எல்லாப் பெயரையும் எழுதினார். மாஸ்ரரின் பட்டங்களுக்கும் இடம் காணும், பெரிய எஞ்சின். மழைக்கால இருட்டில் இரண்டொரு தரம் அதை எழுப்பவேண்டி வந்தது, சும்மா சொல்லக்கூடாது. புகைக்குழாய்க்குக் கிட்ட இருந்த பெயர்கள் கொஞ்சம் கருகின. என் மனுசனின் பெயர் மறுபக்கம், ஆடாமல் அசையாமல் இருக்கிறது. சுதா இப்போது சங்கக் கூட்டத்துக்கு வருகிறாள். கலியாணத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பக்கத்துத் தீவுக்கு ஒரு பெட்டி எடுத்துத் தந்தால் பதில் சொல்கிறேன் என்று அவர்களை ஓட்டிக்கொண்டு திரிகிறாள்.

போன கிழமைக்கு வருகிறேன். பெரித் மெழுகுதிரியோடு என் வாசலில் நின்றாள் அல்லவா? அந்த நேரம் பார்த்துச் செல்வராணி வீடியோவில் வந்தாள். அங்கே இருட்டிப் பல மணி நேரம். நான் போனைப் பெரித்துக்குத் திருப்பிக் காட்டினேன். இறங்குதுறை விளக்கு, ஐஸ் அறை விளக்கு, கடை விளக்குகள், அவற்றுக்குக் கீழே மீனைத் தரம் பிரிக்கிற பெண்கள். படிக்கட்டில் நின்ற சனமெல்லாம் ஒவ்வொருவராக வந்து என் போனைச் சுற்றி நின்றார்கள். வெளிச்சத்துக்கு வந்த பூச்சிகள் மாதிரி.

"மச்சாள், ஏன் உங்கடை பக்கம் ஒரே இருட்டாக் கிடக்கு?" என்றாள் செல்வராணி.

"கரண்ட் போயிட்டுது."

"நோர்வேயிலையோ?"

"ஓம்."

உண்மையான இரக்கத்தோடுதான் கேட்டாள்:

"ஐயோ பாவம். இஞ்சை கொஞ்ச டீசல் மிஞ்சிக் கிடக்கு. அனுப்பிவிடட்டோ?"